டர்போவுக்கு முன்னால் டயர்

சென்னையிலிருந்து தெற்கே இறங்கும் ஜி.எஸ்.டி. சாலை திண்டிவனத்தில் பிரிகிறது. கிழக்கே புதுச்சேரிக்கு ஒரு சாலை, மேற்கே செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு ஒரு சாலை. நேரே போனால் விக்கிரவாண்டி, விழுப்புரம், அப்புறம் திருச்சி. பஸ், லாரி, கரும்பு டிராக்டர், வாடகைக் கார் என்று தென் மாவட்டங்களின் பெரும்பாதி போக்குவரத்து இந்த முடிச்சு வழியாகத்தான் போய்வருகிறது. அதே சாலையின் வட முனையில், வண்டலூரிலும் மறைமலை நகரிலும், கார்களும் செய்யப்பட்டன. ஒரு கார் எங்கே பிறந்ததோ அந்தச் சாலையிலேயே ஓடித் தேய்ந்து, பட்டறைக்கு வந்து, மறுபிறவி எடுத்த கதை இந்தியாவில் அதிகம் இல்லை. இந்தச் சாலைக்கு அது உண்டு.

சின்ன டர்போ காரைக் குறைந்த செலவில் இன்னும் வேகமாக, இன்னும் நிலையாக ஓட வைப்பது எப்படி என்று கேட்கும் இளைஞர்கள் இன்று விழுப்புரத்திலும் இருக்கிறார்கள், திண்டிவனத்திலும் இருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கான விடையின் முதல் பாதி, டர்போ என்ற சொல்லே இங்கே புழங்காத காலத்தில், இந்தச் சாலையோரத் தொழிற்சாலை ஒன்றில் கிடைத்துவிட்டது.

1948இல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனத்தின் ஆலை வண்டலூர் அருகே இருந்தது. 1961இல் அங்கிருந்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு வெளிவந்தது. பிரிட்டனின் டிரையம்ஃப் ஹெரால்டின் இந்தியப் பதிப்பு அது. இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கலாட்டி வரைந்த உடல், 948 சிசி எஞ்சின், 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் முன்சக்கரங்கள். பானெட்டோடு மட்கார்டும் சேர்ந்து முன்பக்கம் முழுதாகக் கவிழ்ந்து திறக்கும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சின் வேலை பார்க்கலாம் என்பதால் மெக்கானிக்குகளுக்கு அந்தக் கார் மேல் தனிப் பிரியம்.

பின்பக்கத்தில்தான் வம்பு. ஹெரால்டின் பின்சக்கரங்கள் இரண்டும் தனித்தனியே ஆடும். ஒவ்வொரு அரை ஆக்ஸிலும் நடுவிலுள்ள டிஃபரென்ஷியலில் மட்டும் கீல் போல மடங்கும், குறுக்கே ஒற்றை லீஃப் ஸ்பிரிங். காலி வண்டியில் சக்கரம் ஒரு கோணத்தில் நிற்கும், பின்சீட்டில் மூன்று பேர் ஏறினால் வேறு கோணத்துக்குச் சாயும். டயரின் ஒரு ஓரம் மட்டும் மொட்டையாகும். வளைவில் வேகமாக நுழைந்து பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், வண்டியின் பின்பக்கம் தூக்கி, வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடங்கிக்கொள்ளும். அப்புறம் வண்டி சாலையை விட்டு விலகுவதை ஓட்டுபவர் தடுப்பது கடினம்.

1972இல் அதே ஆலையிலிருந்து வந்த ஸ்டாண்டர்டு கெஸலில் எஞ்சின் மாறவில்லை, அதே 948 சிசிதான். பின்பக்கத்தில் அந்த ஆடும் ஆக்ஸிலை எடுத்துவிட்டு முழு ஆக்ஸிலை வைத்தார்கள். குண்டும் குழியுமான சாலைக்கும், அளவுக்கு மேல் ஏறும் ஆட்களுக்கும், கிராமத்துப் பட்டறைக்கும் அதுதான் தாங்கும் என்று கண்டு செய்த மாற்றம். இங்கிலாந்து வடிவமைப்பின் நாகரிகத்தை ஒரு படி குறைத்து, சாலையில் நிற்கும் தன்மையை ஒரு படி கூட்டினார்கள். கார் வரலாற்றை எழுதுகிறவர்கள் கெஸலை ஒரு வரியில் தாண்டிப் போவார்கள். ஜி.எஸ்.டி. சாலையில் நடந்த முதல் பெரிய ‘ஹேண்ட்லிங்’ திருத்தம் என்று அதற்கு ஒரு முழுப் பக்கமே தரலாம்.

அதற்குப் பத்தாண்டு முன்பே அமெரிக்காவில் இதன் மறுபக்கம் அரங்கேறியிருந்தது. 1962இல் ஜெனரல் மோட்டார்ஸ் இரண்டு டர்போ கார்களை விற்பனைக்கு விட்டது. ஒன்று ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர், இன்னொன்று செவ்ரோலே கார்வேர் மொன்ஸா ஸ்பைடர். பொதுமக்கள் வாங்கக்கூடிய டர்போ கார் என்ற வரிசை அங்கேதான் தொடங்குகிறது. சுவிஸ் பொறியாளர் ஆல்ஃப்ரெட் பூஷி 1905இல் காப்புரிமை பெற்ற யோசனை, சைலன்சர் வழியாக வீணாகப் போகும் புகையைக் கொண்டே ஒரு சிறு விசையாழியைச் சுழற்றி எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் யோசனை, காருக்கு வந்துசேர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. கார்வேர் ஸ்பைடர் 150 குதிரைத்திறன் தந்தது. ஆனால் அதன் பின்பக்கத்தில் இருந்ததும் ஹெரால்டைப் போன்ற ஆடும் ஆக்ஸில்தான். 1965இல் ரால்ஃப் நேடர் அமெரிக்கக் கார் நிறுவனங்களைக் குற்றம்சாட்டி எழுதிய புத்தகத்தின் முதல் அத்தியாயமே கார்வேரின் அந்தப் பின்பக்கம் பற்றியது. திறன் முதலில் வந்து, பிடிப்பு பின்னால் வந்ததன் விலை அது. வண்டலூர்க்காரர்கள் திறனைத் தொடாமல் ஆக்ஸிலைத் தொட்டார்கள்.

வேகத்தைத் தேடியவர்கள் அப்போது வேறு திசையில், சென்னைக்கு வடக்கே சோழவரத்துக்குப் போனார்கள். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் அங்கே கிடந்தது. 1953இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் உருவானது. ஐம்பதுகளில் தொடங்கி எண்பதுகளின் இறுதி வரை அந்தக் கான்கிரீட் தளத்தில் பந்தயம் நடந்தது. கோண்டல் ராஜகுமாரரும் விஜய் மல்லையாவும் வெளிநாட்டுப் பந்தயக் கார்களோடு வந்தார்கள் என்பதைத்தான் பத்திரிகைகள் பெரிதாக எழுதின. ஆனால் களத்தின் உயிர் ஃபியட் 1100, ஹெரால்டு, அம்பாசடர் ஆகியவற்றில் இருந்தது. சைலன்சரைக் கழற்றி, ஹெட்டை லேத்தில் கொடுத்து ஒரு மில்லிமீட்டர் இழைத்து அழுத்தத்தைக் கூட்டி, கார்புரேட்டர் ஜெட்டைப் பெரிதாக்கி ஓட்டிய வண்டிகள் அவை. விமான ஓடுதளம் என்றால் நீண்ட நேர் ஓட்டம், முடிவில் சட்டென்று திருப்பம். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் வைத்த ஃபியட்டுக்கு இதைவிடக் கடுமையான தேர்வு இருக்க முடியாது. இழைத்த ஹெட் நேர் ஓட்டத்தில் கொடுப்பதைச் சூடேறிய பிரேக் திருப்பத்தில் பறித்துவிடும்.

கோவைக்காரர்கள் இந்தப் பாடத்தைத் தொழிலாகவே மாற்றினார்கள். பம்புசெட்டும் நெசவு இயந்திரமும் செய்த ஊரில் வார்ப்படத்துக்கும் லேத்துக்கும் பஞ்சமில்லை. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்ததும், அதன் 796 சிசி மூன்று சிலிண்டர் எஞ்சினை எடுத்துக்கொண்டு எஸ். கரிவர்தன் குறைந்த விலைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். ஃபார்முலா மாருதி என்று அவை பெயர் பெற்றன. நாற்பது குதிரைத்திறனைக்கூட எட்டாத எஞ்சின்தான். எடை குறைந்த சட்டகம், தாழ்ந்த உடல், ஒழுங்காக அமைத்த சஸ்பென்ஷன் ஆகியவற்றைக் கொண்டே ஒரு தலைமுறை ஓட்டுநர்களுக்கு அவர் பந்தயம் கற்றுக்கொடுத்தார். 1995இல் விமான விபத்தில் அவர் இறந்தார். செட்டிபாளையத்தில் 2003இல் திறந்த பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. சோழவரத்தின் இடத்தை இருங்காட்டுக்கோட்டைத் தடம் 1990இல் எடுத்துக்கொண்டது.

விழுப்புரத்துக்கு டர்போ வந்தது கார் வழியாக இல்லை. லாரி வழியாகவும் பஸ் வழியாகவும் வந்தது. 1975இல் உருவான தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகத்துக்கு விழுப்புரம்தான் தலைமையிடம். டிப்போவும் பணிமனையும் ரயில் ஜங்ஷனும் சேர்ந்து ஊரில் டீசல் மெக்கானிக் என்ற ஒரு பெரிய வர்க்கத்தையே உருவாக்கியிருந்தன. 2000ஆம் ஆண்டில் புகை விதிகள் இறுகியதும் பெரிய டீசல் எஞ்சின்களில் டர்போ பரவியது. ஓடி வந்த வண்டியை உடனே ஆஃப் செய்யாமல் ஒரு நிமிஷம் ஐடிலில் விட வேண்டும், இல்லையென்றால் சுழன்றுகொண்டிருக்கும் டர்போவுக்கு ஆயில் நின்றுபோகும் என்று டிரைவர்கள் கிளீனர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பிற்பாடு டர்போ கார் வாங்கிய பலர் இந்த விஷயத்தை முதலில் கேட்டது லாரிக்காரர்களிடம்தான்.

அடுத்த மாற்றம் சாலையில் வந்தது. தாம்பரத்திலிருந்து திண்டிவனம் வரையிலான 93 கிலோமீட்டர் 2004இல் நான்குவழியாக முடிந்தது. திண்டிவனத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டை வரை 73 கிலோமீட்டர் 2009இல் திறந்தது. புளியமரங்களுக்கு நடுவே எதிரெதிராக வண்டிகள் ஒதுங்கிப் போன சாலையில், நடுவே தடுப்பும் ஓரத்தில் பைபாஸும் வந்தன. அறுபதில் ஓடிய கார்கள் நூறைத் தொட்டன. இங்கே ஒரு கணக்கைச் சொல்லியாக வேண்டும். வேகம் 80இலிருந்து 100 ஆனால் கூடுவது கால்பங்குதான், ஆனால் பிரேக் தின்ன வேண்டிய ஆற்றல் 56 சதவீதம் கூடுகிறது. சாலை மாறிய வேகத்துக்குக் காரின் டயரும் பிரேக்கும் மாறவில்லை. பழைய டாடா இண்டிகாவும் பழைய டயரும் புதிய சாலையில் ஓடின.

அந்த ஆண்டுகளில்தான் சின்ன டீசல் கார்களுக்கு டர்போ வந்தது. டாடா இண்டிகாவின் 1.4 லிட்டர் டீசல் முதலில் டர்போ இல்லாமல் ஐம்பத்து சொச்சம் குதிரைத்திறனோடு மூச்சு வாங்கியது, பிறகு டர்போ பதிப்பு வந்தது. 2007 ஜனவரியில் மாருதி ஸ்விஃப்ட் டீசல் வந்தது. ஃபியட் உருவாக்கிய 1.3 லிட்டர் எஞ்சின், 75 குதிரைத்திறன், 190 நியூட்டன் மீட்டர் இழுவை. 2000 சுற்றுக்குக் கீழே தூங்கி வழியும், அதைத் தாண்டியதும் பின்னாலிருந்து யாரோ தள்ளியது போல் பாயும். டிராவல்ஸ் டிரைவர்களிடம் ‘பிக்கப்’ என்ற சொல்லுக்கு ஒரு புது அர்த்தம் வந்தது அப்போதுதான்.

ஆனால் இந்தக் கதைக்கு நடுநாயகமான கார் மறைமலை நகரில் பிறந்தது. மகிந்திராவோடு கூட்டுச் சேர்ந்து 1995இல் வந்த ஃபோர்டு, எஸ்கார்ட்டில் தொடங்கி, 1999இல் ஐகானை விட்டு, 2010 மார்ச்சில் ஃபிகோவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தொடக்க விலை 3.49 லட்சம். டீசல் ஃபிகோவில் இருந்தது 1399 சிசி டர்போ எஞ்சின். 69 குதிரைத்திறன், 160 நியூட்டன் மீட்டர். எண்ணைப் பார்த்தால் ஸ்விஃப்ட்டைவிடக் குறைவு. ஓட்டிப் பார்த்தவர்கள் வேறு விஷயத்தைப் பேசினார்கள். ஐரோப்பிய ஃபியஸ்டாவின் அடித்தளத்தில் கட்டிய வண்டி, எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் பவர் ஸ்டியரிங், நூறில் போனாலும் காற்றுக்கு அசையாத உடல். லேன் மாறினால் ஒரே ஆட்டத்தில் நின்றுவிடும். விழுப்புரத்திலிருந்து அதிகாலையில் கிளம்பி, சென்னையில் வேலை முடித்து, மாலையே திரும்புகிற மனிதருக்கு இந்த நிதானம் குதிரைத்திறனைவிடப் பெரிய விஷயம்.

2021 செப்டம்பர் 9ஆம் தேதி இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. அடுத்த ஆண்டு மறைமலை நகர் ஆலை ஓய்ந்தது. பழைய ஃபிகோக்களின் விலை இறங்கியது. நல்ல உடல்கட்டும் டர்போ டீசலும் உள்ள காரை ஒரு புது பைக்கின் விலையோடு ஒப்பிடும் அளவுக்கு வாங்க முடிகிறது. டி.என்.16 திண்டிவனம், டி.என்.32 விழுப்புரம் எண்களோடு அவை இன்னும் ஓடுகின்றன. குறைந்த செலவில் காரை மேம்படுத்த நினைப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான பாடப்புத்தகம் இல்லை.

முதல் பாடம் டயர் கடையில். நெடுஞ்சாலை ஓரத்தில் அலைன்மென்ட் மெஷின் வைத்த கடையொன்றில் அனுபவசாலி ஒருவர் காரைப் பார்க்கும் விதத்தைக் கவனித்தால் போதும். மெஷினை அவர் கடைசியில்தான் தொடுவார். முதலில் உள்ளங்கையை டயரின் மேல் குறுக்கே தடவுவார். உள்ளிருந்து வெளியே போகும்போது வழுவழுப்பாக இருந்து, வெளியிலிருந்து உள்ளே வரும்போது ரம்பம் போல் உறுத்தினால், சக்கரங்கள் நேராக உருளாமல் பக்கவாட்டில் இழுபடுகின்றன, அவை முன்னோக்கி நிற்கும் கோணமான ‘டோ’ கெட்டுவிட்டது. இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு, நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். உள் ஓரம் மட்டும் மொட்டை என்றால் லோயர் ஆர்ம் புஷ்ஷையோ பால் ஜாயின்ட்டையோ சந்தேகிப்பார். அப்புறம் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத்தைத் தேடுவார். 2318 என்றிருந்தால் 2018ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்த டயர். பட்டன் நிறைய இருந்தாலும் ரப்பர் கெட்டியாகிவிட்டது, மழையில் பிடிக்காது என்று சொல்லிவிடுவார்.

ஃபிகோவில் வந்த அளவு 175/65 ஆர்14. அகலமான டயர் போட வேண்டும் என்பது எல்லா இளைஞர்களுக்கும் முதல் ஆசை. அளவைக் கணக்குப் போட்டுப் பார்ப்பதே நல்லது. பழைய டயரின் மொத்த உயரம் 583 மில்லிமீட்டர். 195/60 ஆர்14 போட்டால் 589.6, அதாவது ஒரு சதவீதம் சொச்சம் கூடும், ஸ்பீடோமீட்டர் அந்த அளவு குறைத்துக் காட்டும். 195/55 ஆர்15 என்றால் இரண்டு சதவீதம். பிடிப்பு கூடும், கூடவே ஸ்டியரிங் கனக்கும், மைலேஜ் கொஞ்சம் போகும், மட்கார்டில் உரசுகிறதா என்றும் பார்க்க வேண்டும். அளவை மாற்றாமல், அதே 175/65 அளவில் நல்ல ரப்பர் கலவை உள்ள புது டயர் நான்கைப் போட்டு, அலைன்மென்ட் செய்து, காற்றைச் சரியாக வைத்தாலே வண்டியின் குணம் மாறிவிடும். செலவழித்த ஒவ்வொரு ரூபாய்க்கும் அதிகம் திருப்பித் தருவது இதுதான். கடைக்காரர்களுக்கு அலாய் வீல் விற்பதில் லாபம் அதிகம் என்பதால் இந்தப் பேச்சு அடிக்கடி அமுங்கிப்போகிறது.

இரண்டாவது ஷாக் அப்சார்பர். ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிய ஃபிகோவின் ஷாக் உள்ளே எண்ணெய் கசிந்து, பாதி வேலையைத்தான் செய்யும். ஸ்பீடு பிரேக்கர் தாண்டியதும் வண்டி மூன்று முறை துள்ளினால் அது சஸ்பென்ஷன் இல்லை, வெறும் ஸ்பிரிங். துள்ளும்போது டயர் சாலையை விட்டு எழும், எழுந்த டயருக்குப் பிரேக்கும் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை. ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைத் தாழ்த்துகிறவர்கள் இதை மறக்கிறார்கள். வெட்டிய ஸ்பிரிங் ஷாக்கை அதன் ஓட்டத்தின் கடைசி விளிம்புக்கே தள்ளி, கிராமத்து ஸ்பீடு பிரேக்கரில் அடி வாங்க வைக்கும். ஜோடியாகப் புது ஷாக், கூடவே மவுண்ட், புஷ், பால் ஜாயின்ட் என்று மொத்தமாக மாற்றுவதே சரி. ஆலையிலிருந்து வந்த நாளில் இருந்த ஃபிகோ திரும்பக் கிடைக்கும். அந்த ஃபிகோவே பெரும்பாலானோருக்குப் போதும்.

பிரேக்கில் பணம் அதிகம் தேவையில்லை, கவனம்தான் தேவை. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற தரத்தில் புது ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறிய பின் அந்த எல்லை 155 வரை இறங்கலாம். பைபாஸில் நூறில் போகும்போது தடுப்பின் இடைவெளியில் ஒரு டி.வி.எஸ். எக்ஸெல் குறுக்கே வர, ஒரு முறை அழுத்தி நிறுத்தி, அடுத்த ஊரில் மறுபடி அழுத்தினால், கொதித்த ஆயிலில் குமிழி வந்து பெடல் பஞ்சு மாதிரி அமுங்கலாம். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஆயிலை முழுதாக மாற்றி, நல்ல பேட் போடுவதற்கு ஆகும் செலவு ஒரு குரோம் சைலன்சரைவிடக் குறைவு. விழுப்புரம் மாவட்டச் சாலைகள் மலைச் சாலைகள் இல்லை. இங்கே ஹேண்ட்லிங் என்பது வளைவில் அல்ல, மாடும் மொபெட்டும் சர்வீஸ் சாலையிலிருந்து ஏறும் பஸ்ஸும் வரும் நேர்ச்சாலையில் சோதிக்கப்படுகிறது.

இவ்வளவும் முடிந்த பிறகு திறனுக்கு வரலாம். எல்லா சிலிண்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் தரும் காமன் ரெயில் எஞ்சின் வந்த பிறகு ஹெட் இழைத்தல், ஜெட் பெரிதாக்கல் எல்லாம் கணினிக்குள் போய்விட்டன. மலிவான வழி ‘டியூனிங் பாக்ஸ்’. டீசல் ரெயிலில் அழுத்தம் குறைவாக இருக்கிறது என்று சென்சாரிலிருந்து ஒரு பொய்யை எஞ்சின் கணினிக்கு அனுப்பும். கணினி நம்பி அழுத்தத்தைக் கூட்டும், எரிபொருள் கூடும், இழுவை கூடும், புகையும் கூடும். அதைவிட ஒழுங்கானது ரீமேப். எரிபொருள், டர்போ அழுத்தம், டார்க் வரம்பு எல்லாவற்றையும் ஒரே கணக்கில் திருத்துவது. இரண்டிலும் அடி வாங்குவது கிளட்ச், கியர்பாக்ஸ், டர்போவின் பேரிங்.

ஃபிகோவின் 1.4 டீசலுக்கு இன்னொரு எல்லை உண்டு, அதில் இன்டர்கூலர் கிடையாது. டர்போ காற்றை அழுத்தும்போது காற்று சூடாகும், சூடான காற்று விரிந்து அடர்த்தி இழக்கும், திணித்ததில் ஒரு பங்கு வீணாகும். இன்டர்கூலர் அந்தச் சூட்டை எடுத்துவிடும் ரேடியேட்டர். அக்னி நட்சத்திரத்தில், நாற்பது டிகிரி வெயிலில், ஏ.சி. போட்டு நான்கு பேரோடு விக்கிரவாண்டி சுங்கச்சாவடியிலிருந்து கிளம்பும் ஃபிகோ மந்தமாக உணர்வதற்கு இதுவும் ஒரு காரணம். இதே எஞ்சினின் 16 வால்வு வடிவத்தில் இன்டர்கூலரும், இறகின் கோணத்தை மாற்றும் டர்போவும் வைத்து ஐரோப்பாவில் 90 குதிரைத்திறனுக்கு மேல் எடுத்தார்கள். அதே வேலையை வெளியிலிருந்து வாங்கிய இன்டர்கூலரும் ரப்பர் குழாயும் கொண்டு செய்ய முயன்றால், ரீமேப் இல்லாமல் பயன் குறைவு, ரீமேப்போடு செய்தால் கிளட்ச் செலவு காத்திருக்கும்.

2013இல் மறைமலை நகரிலிருந்தே வந்த ஈகோஸ்போர்ட், ஒரு லிட்டர் மூன்று சிலிண்டர் டர்போ பெட்ரோல் எஞ்சினில் 125 குதிரைத்திறன் தந்தது. அதே ஆண்டு ஃபோக்ஸ்வாகன் போலோ 1.2 லிட்டர் டர்போவோடு வந்தது. 2015இல் ஃபியட் அபார்த் புன்டோ, 9.95 லட்சத்துக்கு 145 குதிரைத்திறன், நான்கு சக்கரத்திலும் டிஸ்க், தாழ்த்திய சஸ்பென்ஷன். 2017இல் மாருதி பலேனோ ஆர்.எஸ். ஒரு லிட்டர் டர்போவோடு பின்சக்கரத்துக்கும் டிஸ்க் கொண்டுவந்தது. நிறுவனங்களே திறனோடு பிடிப்பையும் சேர்த்து விற்கத் தொடங்கின.

இந்த வரிசையில் தமிழ்நாட்டின் சொந்த முயற்சி கோவையிலிருந்து வந்தது. பந்தய ஓட்டுநர் ஜே. ஆனந்தின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடா மோட்டார்ஸும் 2017இல் சரிபாதிக் கூட்டாக ஒரு நிறுவனம் அமைத்தன. 2018 அக்டோபரில் டியாகோ ஜே.டி.பி. 6.39 லட்சத்துக்கும், டிகோர் ஜே.டி.பி. 7.49 லட்சத்துக்கும் வந்தன. 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல், 114 குதிரைத்திறன், 150 நியூட்டன் மீட்டர். நூறு கிலோமீட்டர் வேகத்தை டியாகோ பத்து விநாடிக்குள் எட்டும் என்றார்கள். ஆனால் அந்தக் காரை உருவாக்கிய மனங்களைப் புரிந்துகொள்ள மற்றொரு எண்ணைப் பார்க்க வேண்டும். தாழ்த்தியது வெறும் நான்கு மில்லிமீட்டர். இந்தியச் சாலையின் ஸ்பீடு பிரேக்கரைத் தெரிந்தவர்கள் செய்த வேலை அது. ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் மாற்றி, ஸ்டியரிங்கைத் திருத்தி, கியர் விகிதங்களை நெருக்கி, 15 அங்குலச் சக்கரம் போட்டார்கள். சோழவரத்திலும் செட்டிபாளையத்திலும் கற்றது முழுவதும், வாரண்டியோடு, ஷோரூமில் வாங்கக்கூடிய விலையில் கிடைத்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதிகள் வந்தபோது இந்த இரண்டு கார்களும் விடைபெற்றன, கூட்டும் அந்த ஆண்டிலேயே முடிந்தது. பதினெட்டு மாதம்கூட முழுதாக வாழாத அந்த வண்டிகள் தமிழ்நாட்டுக் கார் தொழிலின் பெருமைக்குரிய வேலைகளில் ஒன்று. அதற்குக் கிடைத்த கவனம் குறைவு.

சட்டத்தின் நிலை இதற்கிடையே தெளிவாகிவிட்டது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து வண்டி மாறுபடும்படி உரிமையாளர் மாற்றம் செய்யக் கூடாது என்கிறது. 2019 ஜனவரி 9ஆம் தேதி, கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தம், மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்று தண்டனையையும் சேர்த்தது. எஞ்சின் மாற்றுவதும், காதைக் கிழிக்கும் சைலன்சர் வைப்பதும், உடல் அமைப்பை வெட்டுவதும் இதில் அடிபடும். அதே அளவில் நல்ல டயர், தரமான ஷாக், பேட், பிரேக் ஆயில் எதற்கும் இதில் தடை இல்லை. ரீமேப் செய்தவர் விபத்துக்குப் பின் காப்பீட்டுக்காரரிடம் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஜெர்மனியில் ஒரு உரிமையாளர் வேறு சஸ்பென்ஷனோ சக்கரமோ பொருத்தினால், அங்கீகாரம் பெற்ற பொறியாளர் சோதித்துச் சான்று தருவார், அது வண்டியின் ஆவணத்தில் ஏறும், காப்பீடும் ஏற்கும். இங்கே ஃபிகோ வைத்திருக்கும் விழுப்புரத்துக்காரருக்கு அப்படி ஒரு எளிய வழி இல்லை. சோதிக்கும் வசதி இல்லாமல் இல்லை. மத்திய அரசு அமைத்த வாகன ஆராய்ச்சி மையம் ஒரகடத்தில் இருக்கிறது, திண்டிவனத்திலிருந்து காலையில் போய் மதியம் திரும்பிவிடும் தூரம். பிரேக், சஸ்பென்ஷன், புகை எல்லாவற்றையும் அளக்கும் கருவியும் தடமும் அங்கே உண்டு. அவை உற்பத்தியாளர்களுக்காக இயங்குகின்றன. சந்தையில் விற்கும் ஷாக், ஸ்பிரிங், பேட், சக்கரம் ஆகியவற்றை மாடல் வாரியாக அங்கே சோதித்து, தேறியவற்றின் பட்டியலை ஆர்.டி.ஓ. அலுவலகங்களுக்குக் கொடுத்தால், டி.என்.16இலும் டி.என்.32இலும் ஓடும் பழைய கார்களை அவற்றின் சொந்தக்காரர்கள் பயமில்லாமல், கடன் வாங்காமல், பத்திரமானவையாக ஆக்கிக்கொள்ள முடியும்.